ஸ்பாய்லர்: தமிழில் கதையுடைப்பு

ஸ்பாய்லர் என்பது, ஒரு படமோ தொடரோ வேண்டுமென்றே மறைத்துவைத்துத் தான் குறித்த நேரத்தில் வெளிப்படுத்த நினைக்கும் செய்தியை, அந்த நேரத்துக்கு முன்பே பார்ப்பவருக்குத் தெரியவைத்துவிடும் பேச்சு, எழுத்து அல்லது படம். தமிழில் இதற்குப் பொருந்தும் சொல் கதையுடைப்பு. வினையாகச் சொன்னால் கதையை உடைத்தல்.

இந்த வரையறையின் உயிர் 'வேண்டுமென்றே மறைத்துவைத்து' என்பதில் இருக்கிறது. கதையைப் பற்றிய தகவல் எல்லாமே ஸ்பாய்லர் ஆகிவிடாது. 1997-இல் வந்த 'டைட்டானிக்' படத்தில் கப்பல் மூழ்கும் என்று சொல்வதால் எதுவும் உடைவதில்லை. அந்தப் படம் தொடங்குவதே கடலடியில் கிடக்கும் சிதைவைத் தேடும் காட்சிகளில்தான். ஆனால் அங்கே தேடப்படும் நீல வைரம் எங்கே போயிற்று என்று சொன்னால் உடைகிறது, ஏனென்றால் படம் அதைக் கடைசிவரை கைக்குள் பொத்தி வைத்திருக்கிறது. ஒரு தகவல் ஸ்பாய்லரா இல்லையா என்று ஐயம் வந்தால், 'இதைப் படம் எத்தனையாவது நிமிடத்தில் சொல்கிறது?' என்று கேட்டுப் பார்த்தால் போதும். முதல் பத்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுவதைப் பெரும்பாலும் தயங்காமல் பேசலாம். பாதிக்கு மேல் வருவது எதுவானாலும் எச்சரித்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ஸ்போலியும்' என்றால் விலங்கின் உடலிலிருந்து உரித்த தோல். அதுவே பிறகு, போரில் வீழ்ந்த பகைவன் உடலிலிருந்து கழற்றி எடுத்த கவசத்தையும் ஆயுதத்தையும் குறித்தது. அதிலிருந்து வந்த வினைக்குக் கொள்ளையடித்தல் என்று பொருள். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் சூறையாடுதல்தான் முதல் பொருள். பண்டம் கெட்டுப்போவது, குழந்தையைச் செல்லம் கொடுத்துக் கெடுப்பது எல்லாம் பின்னால் சேர்ந்தவை. தமிழில் இந்த வேருக்கு மிக நெருங்கிய வினை 'உரி'. படம் தன் கதைக்குப் போர்த்தியிருக்கும் தோலை வேறொருவர் முந்திக்கொண்டு உரித்துவிடுகிறார் என்று பார்த்தால், இன்றைய பொருளும் பழைய பொருளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பது தெரியும்.

காரின் பின்புறம் பொருத்தும் தகடும், விமானம் தரையிறங்கும்போது இறக்கையின் மேல் எழும்பும் பலகைகளும் ஸ்பாய்லர் என்றே அழைக்கப்படுகின்றன. அவை காற்றின் சீரான ஓட்டத்தைக் கலைக்கின்றன. தனக்கு வெற்றி வாய்ப்பு இல்லாமல் இன்னொருவரின் வெற்றியைக் கலைக்கும் வேட்பாளருக்கும் இதே பெயர் உண்டு. நாம் பேசும் பொருளோடு இவற்றுக்கு இருக்கும் உறவு அந்தக் கலைத்தல் மட்டுமே.

திரைக்கதை சார்ந்த பொருளில் இந்தச் சொல்லைப் பரப்பியதில் 1971 ஏப்ரல் 'நேஷனல் லாம்பூன்' என்ற அமெரிக்க நகைச்சுவை இதழுக்குப் பங்குண்டு. அதில் டக் கென்னி 'ஸ்பாய்லர்ஸ்' என்ற தலைப்பில் பல படங்கள், நாவல்களின் முடிவுகளை வரிசையாகப் போட்டுடைத்தார். 'ஸ்பாய்லர் அலர்ட்' என்ற எச்சரிக்கைத் தொடர் 1982-இல், இன்றைய இணைய மன்றங்களுக்கு முன்னோடியான யூஸ்நெட் குழுக்களில், 'ஸ்டார் ட்ரெக்' வரிசையின் இரண்டாம் படத்தைப் பற்றிய பேச்சில் பதிவாகியிருக்கிறது. பெயர் வருவதற்கு முன்பே பழக்கம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1955-இல் வந்த 'லே தியாபோலிக்' என்ற பிரெஞ்சுப் படம், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லிவிடாதீர்கள் என்ற வேண்டுகோளைத் திரையிலேயே காட்டி முடிந்தது. 1960-இல் 'சைக்கோ' வெளியானபோது, படம் தொடங்கிய பின் யாரையும் அரங்குக்குள் விடக்கூடாது என்பதில் அதன் இயக்குநர் ஹிட்ச்காக் கண்டிப்பாக இருந்தார்.

தமிழ்ச் சினிமாவிலும் இந்த உணர்வு புதிதல்ல. பழைய பாட்டுப் புத்தகங்களில் கதைச்சுருக்கம் அச்சாகும். முடிச்சு இறுகும் இடத்தில் அதை நிறுத்திவிட்டு, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று போடுவார்கள். எதுவரை சொல்லலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழிகாட்டி கிடையாது.

தமிழ்ச் சொல் விஷயத்துக்கு வருவோம். 'ஸ்பாய்ல்' என்றால் கெடுத்தல் என்று அகராதியைப் பார்த்து 'சுவைக்கெடுப்பான்' என்பதுபோல ஒன்றை ஆக்குவது எளிது. அது நிலைக்காது. முதல் காரணம், சொல்லைக் கேட்டதும் கதை நினைவுக்கு வராது, சமையல்தான் நினைவுக்கு வரும். இரண்டாவது, 'ஆன்' விகுதி ஆளையோ கருவியையோ காட்டும். நமக்கு வேண்டியதோ ஒரு தகவலுக்கான பெயர். மூன்றாவது காரணம் இன்னும் முக்கியமானது. முடிவு தெரிந்தால் சுவை கெட்டே தீரும் என்ற முடிவை அந்தச் சொல் தனக்குள் வைத்திருக்கிறது. அது எல்லா நேரமும் உண்மையல்ல.

'கதைக்கசிவு' அழகான சொல். ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. படம் வெளிவருவதற்கு முன் திரைக்கதையோ காட்சியோ படப்பிடிப்புப் படமோ வெளியே போய்விட்டால் அது கசிவு. ஊரே பார்த்த படத்தின் முடிவை இன்னும் பார்க்காதவரிடம் சொல்வது கசிவாகாது. கசிவு தயாரிப்பாளரைப் பாதிக்கும், ஸ்பாய்லர் பார்வையாளரைப் பாதிக்கும். இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் யாருக்கு இழப்பு என்பது மங்கிவிடும்.

'குட்டு உடைந்தது' என்பது பேச்சில் உயிரோடு இருக்கும் தொடர். அதிலிருந்து 'குட்டுடைப்பு' என்று ஆக்கலாம்தான். ஆனால் குட்டு என்றால் ஒருவர் ஏமாற்றுவதற்காக மறைத்த விஷயம் என்ற நிழல் படிகிறது. கொலைகாரன் யார் என்ற கேள்விக்கு அது பொருந்தும். இரண்டு பேர் கடைசியில் சேர்ந்தார்களா என்ற கேள்விக்குப் பொருந்தாது.

மிஞ்சுவது 'உடை' என்ற வினை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே தமிழர்கள் இந்தப் பொருளில் இதைத்தான் ஆள்கிறார்கள்: 'சஸ்பென்ஸை உடைச்சிட்டான்', 'போட்டு உடைச்சிட்டாளே', 'கதையை உடைக்காதப்பா'. மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் வினையிலிருந்து பெயர்ச்சொல்லை எடுத்தால் அது புதுச்சொல்லாகத் தோன்றாது. கதை என்பது ஐகாரத்தில் முடிவதால் யகர உடம்படுமெய் பெற்று கதை + உடைப்பு = கதையுடைப்பு ஆகிறது. உடைப்பு என்றால் கரை உடைவதும்தான். உடைப்பெடுத்த ஏரியின் நீரைத் திரும்பக் கரைக்குள் அள்ளிவைக்க முடியாது, கேட்டுவிட்ட முடிவையும் அப்படித்தான் மறக்க முடியாது. சொல்லிலேயே இந்தப் படிமம் அமைந்திருப்பது பெரிய பலம்.

இதன் வடிவங்கள் எல்லாம் இயல்பாக வருகின்றன. ஸ்பாய்லர் இல்லாத கருத்து, கதையுடைக்காத கருத்து. அதைச் சொன்னவர் கதையை உடைத்தவர். 'எனக்கு ஸ்பாய்ல் ஆயிடுச்சு' என்பது 'எனக்குக் கதை உடைந்துவிட்டது'. எச்சரிக்கைக்கு 'கதையுடைப்பு எச்சரிக்கை' சரியான சொல். பேச்சுவழக்கில் 'கதை உடையும், பார்த்துட்டு வா' என்றால் போதும். ஸ்பாய்லர் என்று எழுதுவது தவறில்லை, எல்லோருக்கும் புரிகிற சொல்தான். எழுத்தில் முதல் முறை ஸ்பாய்லர் என்றும் அடுத்த முறையிலிருந்து கதையுடைப்பு என்றும் எழுதினால் வாசிப்பவர் தடுமாற மாட்டார். பக்கத்துச் சொற்களோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ட்ரெய்லர் முன்னோட்டம். ரீகேப் என்பது வார இதழ்கள் நமக்குத் தந்த முன்கதைச் சுருக்கம். தொடரைப் பின்தொடர்பவருக்கு நினைவூட்டலாக இருக்கும் அதே முன்கதைச் சுருக்கம், இன்று புதிதாகத் தொடங்குபவருக்குக் கதையுடைப்பாகிறது.

முடிவு தெரிந்தால் சுவை கெட்டே தீருமா? சிலப்பதிகாரத்தின் பதிகம், காப்பியம் தொடங்கும் முன்பே கதை முழுவதையும் சொல்லிவிடுகிறது. கோவலன் கொலையுண்டது, மதுரை எரிந்தது எதையும் அது மறைப்பதில்லை. தெருக்கூத்து பார்க்க உட்காருபவருக்குத் திரௌபதியின் கதை தெரியாமல் இருக்காது. இவற்றில் எதுவும் உடையவில்லை, ஏனென்றால் இவை முடிவை மறைத்து வளர்ந்த கலைகள் அல்ல. தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உணர்ச்சி வெளிப்பாடுகளை, வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. இவற்றில் மருட்கை, அதாவது வியப்பு, புதுமையிலிருந்தும் பிறக்கிறது என்கிறது அந்த நூல். கதையுடைப்பு நேராகத் தாக்குவது இந்த ஒன்றைத்தான். அழுகையும் பெருமிதமும் முடிவு தெரிந்த பிறகும் வரும், சில சமயம் கூடுதலாகவே வரும். மருட்கையை நம்பி நிற்கும் துப்பறியும் படத்தில் ஒரு வாக்கியம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுவிடும். குடும்ப உறவுகளை நம்பி நிற்கும் படத்தில் அதே அளவு வாக்கியம் கொஞ்சம்தான் எடுக்கும்.

ஆய்வுகளும் ஒரே பக்கம் சாயவில்லை. 2011-இல் சான் டியாகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் லீவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் இருவரும் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தபோது, முடிவு முன்பே தெரிந்தவர்கள் சராசரியாகக் கூடுதலாகவே ரசித்திருந்தார்கள். 2015-இல் ஜான்சன், ரோசன்பாம் செய்த ஆய்வில் முடிவு இதற்கு எதிராக வந்தது. இரண்டுமே சிறுகதைகளை வைத்துச் செய்தவை. ஐந்து சீசன் காத்திருந்து ஒரு விடையை அடையும் தொடர் ரசிகரின் இழப்பை இவற்றை வைத்து அளக்க முடியாது.

பிடித்த படத்தைப் பற்றிப் பேசுபவர்கள் கதையை உடைப்பது பெரும்பாலும் முடிவைச் சொல்லி அல்ல. 'க்ளைமாக்ஸ் ட்விஸ்ட் யாராலும் ஊகிக்க முடியாது' என்பதே ஒரு கதையுடைப்பு. அதைப் படித்தவர் முதல் காட்சியிலிருந்தே எல்லோரையும் சந்தேகிக்கத் தொடங்குவார். 'இது அந்தப் படம் மாதிரி' என்ற ஒப்பீடு ஒரே நேரத்தில் இரண்டு படங்களை உடைக்கும். 'மூன்றாவது சீசனில் இவர் நடிப்பு உச்சம்' என்று பாராட்டினால், இரண்டாவது சீசன் முடிவில் அவர் உயிருக்கு ஆபத்து வரும் காட்சியில் பதற்றமே இருக்காது. நடிகர் பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்தில் போடும் எபிசோட் எண்ணிக்கையும் இப்படித்தான். பத்து எபிசோட் தொடரில் ஒருவருக்கு 6 என்று இருந்தால் மீதியை எவரும் கணக்குப் போட்டுவிடுவார்கள்.

எச்சரிக்கை வேலை செய்ய வேண்டுமென்றால் அதில் படைப்பின் பெயரும், எதுவரை பேசப்போகிறோம் என்பதும் இருக்க வேண்டும். 'ஸ்பாய்லர் இருக்கு' என்று மட்டும் எழுதினால், எந்தப் படத்துக்கு என்று தெரிந்துகொள்ளவே அடுத்த வரியைப் படிக்க வேண்டியிருக்கும். 'சீசன் 2, எபிசோட் 5 வரை கதை உடையும்' என்று தொடரின் பெயரோடு எழுதினால் நான்காவது எபிசோடில் இருப்பவர் விலகிக்கொள்வார், ஆறாவதில் இருப்பவர் நிம்மதியாகப் படிப்பார்.

கைபேசி அறிவிப்பில் செய்தியின் முதல் வரிகள் தானாகவே தெரியும். அதனால் அந்த வரிகளில் பெயரும் எச்சரிக்கையும் தவிர வேறெதுவும் வரக்கூடாது. டெலிகிராம், டிஸ்கார்டு இரண்டிலும் வாக்கியத்தின் முன்னும் பின்னும் இரண்டிரண்டு செங்குத்துக் கோடு போட்டால் எழுத்து மறையும், தொட்டால்தான் தெரியும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பெயரை மட்டும் மறைப்பது. 'கொலை செய்தது' என்று வெளியே எழுதிவிட்டுப் பெயரை மறைத்தால், மறைப்பின் நீளமே பாதிப் பெயரைச் சொல்லிவிடும். முழு வாக்கியத்தையும் மறைக்க வேண்டும். மறைக்கும் வசதி இல்லாத இடத்தில் எச்சரிக்கையைத் தனிச் செய்தியாக அனுப்பிவிட்டு, கருத்தை அந்தச் செய்திக்கு மறுமொழியாக இடுவது பாதுகாப்பானது. காட்சிப் படத்தை எந்த எச்சரிக்கை வாக்கியமும் காப்பாற்றாது, கண் எழுத்துக்கு முன்னே படத்துக்குப் போய்விடும். கடைசிக் காட்சியின் படத்தை விட்டுவிட்டு முன்னோட்டத்தில் வந்த படத்தையே போடுங்கள்.