வெளிச்சம் மேலே, உரம் கீழே

கடலில் வாழும் உயிர்களுக்கெல்லாம் பொதுவான ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒளிச்சேர்க்கைக்கு வேண்டிய வெளிச்சம் மேலே இருக்கிறது. உரம் கீழே கிடக்கிறது. ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான வெயில் ஏறக்குறைய 200 மீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. கடலின் சராசரி ஆழமோ சுமார் 3,700 மீட்டர். மேலே வாழ்ந்தவை இறந்த பிறகு, அவற்றின் உடலும் கழிவும் துகள் துகளாக இருட்டுக்குள் இறங்குகின்றன. நைட்ரஜன், பாஸ்பரஸ், இரும்பு எல்லாம் அவற்றோடு போய்விடுகின்றன. காட்டில் உதிர்ந்த இலை மரத்தடியிலேயே மட்கி அதே வேருக்கு உணவாகிறது. கடலுக்கு அந்த வசதி இல்லை.

அப்படியிருந்தும் கடலின் மேற்பரப்பு பட்டினியில் வெறிச்சோடிப் போகவில்லை. கீழே போனதை மேலே தூக்கும் வேலை ஓயாமல் நடப்பதே காரணம். அதில் பெரும்பங்கு காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் உரியது. பெரு நாட்டின் கரையோரம் காற்று மேல்நீரை ஒதுக்கித் தள்ள, ஆழத்துக் குளிர்நீர் உரத்தோடு அந்த இடத்துக்கு எழுந்து வருகிறது. உலகின் மிகப் பெரிய மீன்பிடிப்புகளில் ஒன்றான அங்குள்ள நெத்திலி மீன்வளம் இதை நம்பித்தான் இருக்கிறது.

இந்த உரத்தை முதலில் உண்பவை கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள். புவியில் நடக்கும் ஒளிச்சேர்க்கையில் ஏறக்குறைய பாதி இவற்றுடையது. இவற்றுள் புரோகுளோரோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. வெப்பக் கடல்களில் ஒரு சொட்டு நீரிலேயே ஆயிரக்கணக்கில் இருக்கும் இதை 1980களில்தான் நாம் கண்டுகொண்டோம்.

விலங்குகளும் சுமை தூக்குகின்றன. இரண்டாம் உலகப் போரின்போது, ஒலியின் எதிரொலியைக் கொண்டு ஆழத்தை அறியும் சோனார் கருவிகள் ஒரு விந்தையைக் காட்டின. ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுள்ள இடத்தில், சில நூறு மீட்டரிலேயே தரை தட்டுப்பட்டது. அந்தத் தரை மாலையில் மேலேறியது, விடியலில் கீழிறங்கியது! உண்மையில் அது விளக்கு மீன்களும் கணவாய்களும் இறால் வகைகளும் அடர்ந்த கூட்டம். பகலில் கொன்றுண்ணிகளின் கண்ணில் படாமல் இருட்டில் பதுங்கி, இரவில் மேலே வந்து மேய்கின்றன. நாள் தவறாமல் எல்லாக் கடல்களிலும் நடக்கும் இதுவே புவியின் மிகப் பெரிய விலங்கு இடப்பெயர்வு. மேலே தின்றதைக் கீழே கழிப்பதால், கார்பனை ஆழத்துக்குச் சுமந்து செல்லும் கூலிகளும் இவையே.

திமிங்கிலம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. இரை ஆழத்தில், மூச்சு மேற்பரப்பில்; கழிப்பதும் பெரும்பாலும் மேலேதான். அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த தென்கடலில் நைட்ரஜனுக்குக் குறைவில்லை, இரும்புக்குத்தான் பஞ்சம். அங்கே கிரில் என்னும் சிற்றிறாலைத் தின்னும் திமிங்கிலம் அதன் கொழுப்பையும் புரதத்தையும் எடுத்துக்கொண்டு இரும்பை வெளியேற்றிவிடுகிறது. அந்த மலத்தில் இரும்பின் செறிவு சுற்றியுள்ள நீரைவிட ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு. அதை உண்டு மிதவைத் தாவரங்கள் செழிக்கின்றன; அவற்றைக் கிரில் மேய்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் மனிதர்கள் கொன்ற திமிங்கிலங்கள் 25 லட்சத்துக்கும் மேல், பெரும்பகுதி தென்கோளத்தில். தின்பவர்கள் ஒழிந்ததால் கிரில் பெருகியிருக்க வேண்டும். எதிர்பார்த்த அளவுக்குப் பெருகவே இல்லை. கடற்பனி குறைந்து வருவதும் கிரிலைப் பாதிக்கிறது என்றாலும், தின்றவர்களே உரமிட்டவர்களாகவும் இருந்தார்கள் என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். கடலைப் பற்றி நான் அறிந்தவற்றில் என்னை மிகவும் உலுக்கியது இதுதான். கொள்ளையடித்தபோது நமக்குக் கணக்கில் தெரிந்தது திமிங்கில எண்ணெய்ப் பீப்பாய்கள் மட்டுமே.

இப்போது காற்றின் பங்குக்கும் ஆபத்து வந்திருக்கிறது. புவி வெப்பமாதலின் மிகைவெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. சூடான மேல்நீர் இலேசாகிக் குளிர்நீரின் மேல் மூடிபோலப் படிகிறது. மூடி தடிக்கத் தடிக்க உரம் மேலேறும் வழி அடைபடுகிறது.

ஆகவே ஒரு மீன் இனத்தை மட்டும் எண்ணிப் பார்த்து அளவு விதித்தால் போதாது. அதை உண்பவற்றையும் அது உண்பவற்றையும் சேர்த்துக் காக்க வேண்டும். 1982இல் நடைமுறைக்கு வந்த அண்டார்க்டிக் கடல்வாழ் உயிர்வளப் பாதுகாப்பு உடன்படிக்கை இதை ஏற்று, கிரிலைப் பிடிக்கும்போது அதை நம்பி வாழும் பிற உயிர்களையும் கருத வேண்டும் என்கிறது. அதன்கீழ் 2017 டிசம்பரில் ராஸ் கடலில் சுமார் 15.5 லட்சம் சதுர கிலோமீட்டர் பாதுகாப்புப் பகுதியானது. கிழக்கு அண்டார்க்டிகாவுக்கும் வெட்டல் கடலுக்கும் இதேபோன்ற முன்மொழிவுகள் உண்டு. உறுப்பு நாடுகள் அனைத்தும் ஒப்புக்கொண்டால்தான் அவை நிறைவேறும். ஆண்டுக்கூட்டங்களில் அவை மீண்டும் மீண்டும் தள்ளிப்போயிருக்கின்றன. மீண்டு வரும் திமிங்கிலங்கள் மேயும் தென்கடலில், மீன் பண்ணைத் தீவனத்துக்காகக் கிரில் அள்ளும் கப்பல்களும் வலை விரிக்கின்றன.