ஜாக்கி தூக்கத்தான், தாங்கறதுக்கு ஸ்டாண்டு வேணும்

வீடியோ பாத்துட்டு வீட்லயே ஆயில் மாத்துறது, பிரேக் பேட் மாத்துறதுன்னு எறங்குறவங்க இப்ப நிறைய ஆயிட்டாங்க. நான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கறவன், ஆனாலும் வேணாம்னு சொல்ல மாட்டேன், தன் வண்டிய தானே கழட்டி மாட்டுறவருக்கு அதோட சத்தம் கொஞ்சம் மாறுனாக்கூட உடனே தெரிஞ்சிடும். ஆனா அவங்க எங்கிட்ட வந்து கேக்கறதெல்லாம் எந்த ஆயில் ஊத்தலாம், எந்த கம்பெனி பேட் போடலாம்னுதான். வண்டிய எதுல தூக்குவீங்கன்னு நான் திருப்பி கேட்டா, "டிக்கில இருக்கற ஜாக்கிலதாங்ணா"ன்னு சர்வசாதாரணமா சொல்றாங்க. அதக் கேட்டா எனக்கு வயித்தக் கலக்குது.

அந்த ஜாக்கி பஞ்சர் ஆன டயர கழட்டி ஸ்டெப்னி மாட்ட மட்டும்தான் குடுத்திருக்காங்க, இத போட்டு வண்டிக்கு அடில போகாதீங்கன்னு வண்டியோட வர்ற புக்லயே போட்டிருக்கும், யாரும் அந்த பக்கத்த திறக்கறதில்ல. அந்த ஜாக்கியோட அடிப்பாகம் கையகலம்தான் இருக்கும். நேரா கீழ அழுத்துற பாரத்த அது தாங்கும், பக்கவாட்டுல ஒரு தள்ளு வந்தா சாஞ்சிடும். நீங்க அடில படுத்துட்டு துரு புடிச்ச போல்ட்ட ஸ்பேனர் போட்டு முக்கி இழுக்கறப்ப வண்டி மொத்தமும் ஆடும், அந்த தள்ளு போதும். ஸ்விஃப்ட்டு சின்ன வண்டிதானேன்னு நினைக்கலாம், அதுவே 900 கிலோ கிட்ட வரும்.

சரி, சக்கரத்துல உருளுற நல்ல ஹைட்ராலிக் டிராலி ஜாக்கி வாங்கிட்டா பிரச்சன தீந்துச்சான்னா, இல்லைங்க. இங்கதான் விவரமானவங்களும் ஏமாந்து போறாங்க. டிராலி ஜாக்கியோ, பாட்டில் மாதிரி நேரா நிக்கற பாட்டில் ஜாக்கியோ, உள்ள ஆயில அமுக்கி அந்த அழுத்தத்துல தூக்குது, அந்த ஆயில உள்ளயே புடிச்சு வச்சிருக்கறது ஒரு சின்ன ரப்பர் சீலும் ஒரு வால்வும். சீல் தேஞ்சிருந்தா பம்ப் அடிக்கறப்ப ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் ஏறும். ஏத்தி விட்டுட்டு டீ குடிச்சுட்டு வந்து பாருங்க, ரெண்டு வெரக்கட எறங்கியிருக்கும், வெள்ளி மாதிரி மின்னுற அந்த ராடச் சுத்தி ஈரமா ஆயில் கசிஞ்சிருக்கும், அந்த ஈரத்துல தூசி ஒட்டி கருப்பா ஒரு வளையம் கட்டியிருக்கும். அந்த வளையத்த பாத்தா அந்த ஜாக்கிய சீல் மாத்தாம தொடாதீங்க. சீல் பிச்சுக்கிட்டா மெதுவா எல்லாம் எறங்காது, ஒரே அடியா விழும்.

அதனால ஜாக்கில தூக்கி, ஸ்டாண்டுல எறக்கி வச்சு, அப்புறம்தான் தலைய உள்ள விடணும். ஜாக்கி ஸ்டாண்டுல ஆயிலும் இல்ல சீலும் இல்ல, வெறும் இரும்புதான். ரெண்டு விதமா வருது, பல்லு வச்ச ராட்செட் டைப், ஓட்டைல பின்ன சொருகுற டைப். எனக்கு பின் டைப்தான் புடிக்கும், ராட்செட்டா இருந்தாலும் கூடுதலா ஒரு பின் பூட்டு இருக்கறதா பாத்து எடுங்க. ஏன் சொல்றேன்னா அமெரிக்காவுல 2020-ல ஹார்பர் ஃப்ரெயிட்ங்கற கம்பெனி சுமார் 17 லட்சம் ஸ்டாண்ட திரும்ப வாங்குச்சு, 3 டன், 6 டன்னு எழுதுன ஸ்டாண்டுங்க, தயாரிக்கற அச்சு தேஞ்சு போனதால பல்லு முழுசா கவ்வாம வண்டி ஆடுனா நழுவி எறங்கிடும்னு. அதுக்கு பதிலா குடுத்த 3 டன் ஸ்டாண்டுலயும் வெல்டிங் சரியில்லன்னு அதே வருஷம் மறுபடி திரும்ப வாங்குனாங்க. அதனால டன் கணக்க மட்டும் பாக்காதீங்க, பல்லு ஆழமா உக்காருதா, வெல்டிங் விட்டு விட்டு இல்லாம ஒரே சீரா இருக்கான்னு கையில எடுத்து பாத்து வாங்குங்க. அந்த டன் ஒரு ஸ்டாண்டுக்கா இல்ல ஜோடிக்கான்னும் கேட்டுக்கோங்க, சிலது ஜோடிக்குத்தான் போட்டிருப்பாங்க.

ஸ்டாண்டுக்கு பதிலா ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கி வைக்கறத தயவுசெஞ்சு விட்டுடுங்க. சுவர்ல பாரம் பரவலா எறங்கும், இங்க ஒரு விளிம்புல மொத்தமா எறங்குது, கல்லு வளைஞ்சு காட்டாது, அப்படியே நொறுங்கிடும்.

ஜாக்கி எத்தன டன்னுன்னு கேட்டா, சாதாரண ஹேட்ச்பேக், செடானுக்கு 2 டன் டிராலி ஜாக்கி போதும், கிரிஸ்டா, ஸ்கார்ப்பியோ மாதிரி வண்டிக்கு 3 டன் எடுங்க. டன்ன விட உயரம்தான் நிறைய பேர ஏமாத்துது. தூக்க ஆரம்பிச்ச உடனே சக்கரம் மேல வராது, ஸ்பிரிங் விரிஞ்சு சக்கரம் கீழ தொங்கும், பாடி மட்டும் ஏறும், அதனால நீங்க நினைச்சத விட அதிகமா தூக்கணும். காத்து எறங்குன டயரோட வண்டி இன்னும் தாழ்ந்து இருக்கும், அப்ப பாட்டில் ஜாக்கி அடிலயே நுழையாது. கடைக்கு போறதுக்கு முன்னாடி தரையில இருந்து ஜாக்கி பாயிண்ட் வரைக்கும் டேப் வச்சு அளந்துட்டு போங்க.

ஜாக்கி பாயிண்டுங்கறது முன் சக்கரத்துக்கு பின்னாடியும் பின் சக்கரத்துக்கு முன்னாடியும் கதவுக்கு கீழ தகட்டுல சின்ன வெட்டு போட்டு காட்டியிருக்கும். அங்க காடி வெட்டுன ரப்பர் பேட் வச்சு தூக்குங்க, இல்லாட்டி தகடு மடங்கிடும். இன்ஜினுக்கு அடில ஆயில் நிக்கற சேம்பர்ல வச்சு தூக்கவே கூடாது. எலக்ட்ரிக் வண்டில அடி பூரா பேட்டரிதான், புக்ல காட்டுன இடத்த விட்டு வேற எங்கயும் கை வைக்காதீங்க.

தரை கான்கிரீட்டா, சமமா இருக்கணும். டிராலி ஜாக்கி ஏறுறப்ப அதோட கை வளைவா போகும், அதனால ஜாக்கி தானா கொஞ்சம் உருண்டு நகரணும், மண்ணுல சக்கரம் புதைஞ்சா நகர முடியாம பாயிண்ட விட்டு நழுவும். தார் தரைன்னா வெயில்ல எளகும், ஸ்டாண்டு காலுக்கு கீழ தடியான பிளைவுட் போடுங்க.

கியர்ல போட்டுட்டேன் வண்டி நகராதுன்னு நம்பாதீங்க. இங்க ஓடுற பெரும்பாலான கார்ல முன் சக்கரம்தான் இழுக்குது, முன்னாடி ஒரு சக்கரம் அந்தரத்துல தொங்குனா ரெண்டு சக்கரத்துக்கும் இழுப்ப பிரிச்சு குடுக்கற டிஃபரன்ஷியல் அத சும்மா சுத்த விட்டுடும், தரையில இருக்கற சக்கரத்த கியர் புடிக்காது, ஆட்டோமேட்டிக்ல பார்க்கிங்குக்கு போடுற பி-யும் அப்படித்தான். ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரத்துக்குத்தான், பின்னாடி ரெண்டையும் தூக்கிட்டா அதுவும் பிரயோஜனமில்ல. தூக்காத பக்கத்து ரெண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் உருளாம இருக்க கட்டை வச்சு அண்டக் குடுங்க.

வெறும் ஆயில் மாத்துறதுக்குன்னா வண்டிய ஓட்டி ஏத்துற சரிவு மேடை, அதான் ராம்ப், அதுல ஒரு ஜோடி வாங்குங்க, சக்கரம் அதுமேலயே நிக்கறதால ரொம்ப பயமில்ல. 12 வோல்ட்ல ஓடுற எலக்ட்ரிக் ஜாக்கி ரோட்டுல டயர் மாத்த ஓகே.

ஸ்டாண்டுல எறக்குனதுக்கு அப்புறம் வெளிய நின்னு வண்டிய நல்லா தள்ளி ஆட்டி பாருங்க. கழட்டுன சக்கரத்த ஓரமா சாத்தி வைக்காம பாடிக்கு கீழ படுக்க வச்சுடுங்க, தப்பித்தவறி வண்டி எறங்குனா அதுமேல நிக்கும். முக்கியமா, வண்டிக்கு அடில போறேன்னு வீட்ல சொல்லிட்டு போங்க, ஜாக்கி கைப்பிடிய எப்படி அடிக்கணும், வால்வ எந்த பக்கம் திருகுனா பூட்டும்னு வீட்ல இன்னொருத்தருக்கு ஒரு தடவ செஞ்சு காட்டி வைங்க, நீங்க அடில மாட்டிக்கிட்டா அவங்கதான் வண்டிய தூக்கணும்.