போரே இல்லாமல் நகரம் கைமாறுவது எப்படி?

நாடுகளை வளர்க்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6-இல், எதிரியின் எல்லையை ஒட்டி நல்ல ஆற்றங்கரை கண்ணில் பட்டதும் அங்கே ஒரு நகரத்தை நிறுவிவிடுகிறோம். ஐந்தாறு டர்ன்களில் (ஆட்டச் சுற்றுகளில்) அது நம் கையைவிட்டுப் போகிறது. யாரும் படையெடுத்து வரவில்லை. ஆடத் தொடங்கிய காலத்தில் இது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. 2018-இல் வந்த 'ரைஸ் அண்ட் ஃபால்' விரிவாக்கம் கொண்டுவந்த விசுவாசக் கணக்கின் வேலை இது.

ஒவ்வொரு நகரத்தின் விசுவாசமும் 0 முதல் 100 வரை அளக்கப்படுகிறது. புது நகரம் 100-இல் தொடங்கும். 75-க்கு இறங்கினாலே விளைச்சலும் வளர்ச்சியும் குறையும். 0-ஐத் தொட்டால் நகரம் கலகம் செய்து சுதந்திர நகரமாகிவிடும். அப்புறம் சுற்றிலும் யாருடைய அழுத்தம் அதிகமோ அவர் பக்கம் சாயும்.

இந்த அழுத்தம் மக்கள்தொகையிலிருந்து வருகிறது. வரைபடத்தில் 9 கட்டங்களுக்குள் வாழும் ஒவ்வொரு குடியும் நகரத்தைத் தன் நாட்டின் பக்கம் இழுக்கும். ஒவ்வொரு கட்டம் தள்ளிப்போகும்போதும் இழுப்பு 10 சதவீதம் குறையும். ஆட்டத்தில் நாடுகள் தம் சாதனைகளைப் பொறுத்துப் பொற்காலத்துக்கோ இருண்ட காலத்துக்கோ போகும்; பொற்காலத்தில் இருக்கும் நாட்டுக்கு இழுப்பு ஒன்றரை மடங்கு, இருண்ட காலத்தில் பாதி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் புது நகரத்தில் 1 குடி. 4 கட்டம் தள்ளி எதிரியின் 10 குடிகள் கொண்ட நகரம். நம் பக்கம் 1, எதிரி பக்கம் 10 × 0.6 = 6. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 10-ஆல் பெருக்கி, சிறிய எண்ணுடன் 0.5 கூட்டி அதனால் வகுத்தால் ஏறக்குறைய அழுத்தம் கிடைத்துவிடும். இங்கே அது 33 அளவுக்குப் போகிறது. டர்னுக்கு 20 என்பதே உச்சவரம்பு என்பதால் 20-இல் நிற்கிறது. அதாவது 5 டர்னில் நகரம் போய்விடும். கவர்னரை, அதாவது நகரத்தைக் கவனிக்க நாம் நியமிக்கும் அதிகாரியை, அனுப்பினால் +8 கிடைக்கும், ஆனாலும் டர்னுக்கு 12 குறைந்துகொண்டே இருக்கும். அழிவு 9 டர்னுக்குத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

இப்போது நம்முடைய 5 குடிகள் கொண்ட இன்னொரு நகரம் 4 கட்டத் தொலைவில் இருக்கிறது என்று வையுங்கள். அதிலிருந்து 3 வருகிறது. நம் பக்கம் 4, எதிரி பக்கம் 6. அழுத்தம் சட்டென்று 5-க்குள் அடங்கிவிடுகிறது. அதே கவர்னரின் +8 இப்போது தாராளமாகப் போதும். நாம் பொற்காலத்தில் இருந்தாலோ 4 என்பது 6 ஆகி, கவர்னரே தேவைப்படாது. வகுக்கும் எண் சிறிய பக்கத்துடையது என்பதால்தான் தனித்து நிற்கும் நகரம் இவ்வளவு வேகமாகச் சரிகிறது. பலர் கவர்னரையே முழுக்க நம்புகிறார்கள். என்னைக் கேட்டால், பக்கத்தில் நம்முடைய இன்னொரு நகரம் இருப்பதுதான் முதல் தேவை.

போரில் கைப்பற்றிய நகரங்களுக்கும் இதே கணக்குதான். எதிரி நாட்டின் நடுவே ஒரு சின்ன ஊரை மட்டும் பிடித்தால், சுற்றியுள்ள பழைய சொந்தங்கள் அதை இழுத்துக்கொண்டே இருக்கும். பெரிய நகரத்தை முதலில் பிடித்தால், எதிரியின் இழுப்பில் பெரும்பகுதி ஒரே அடியில் போய்விடும். பிறகு சுற்றியுள்ள சின்ன ஊர்கள் தாமாகவே தடுமாறத் தொடங்கும்.