கடிதம் கைக்கு வந்ததா? வெப்ஹூக்கைச் சோதிக்கும் விதம்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு விலாசத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. தோட்டத்தின் பெயரையும் டிவிஷனையும் எழுதினால் கடிதம் தோட்ட ஒப்பீசுக்கு வரும். அங்கிருந்து நம் கைக்கு வருவதற்குள் நேர்முகப் பரீட்சைத் திகதியே கடந்துபோன வீடுகள் உண்டு. அனுப்பியது வேறு, கிடைத்தது வேறு. ஹட்டனில் இருந்து மென்பொருள் எழுதும் எனக்கு இன்றும் அந்தப் பாடம்தான் கைகொடுக்கிறது.

வெப்ஹூக் என்பது ஒரு கணினி இன்னொரு கணினிக்குத் தானாகவே போடும் கடிதம். 2007 இல் ஜெஃப் லிண்ட்சே என்பவர் வைத்த பெயர் இது. "கொழுந்து நிறை பார்த்தாச்சா?" என்று நிமிடத்துக்கொரு தடவை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், நிறை பார்த்த கையோடு தராசுப் பக்கத்து மென்பொருளே நமக்குச் சொல்லிவிடும். இணையத்தில் தரவை அனுப்பும் எச்டிடிபி போஸ்ட் கோரிக்கையாக, பெரும்பாலும் தரவைப் பெயரும் மதிப்புமாக எழுதும் ஜேசன் வடிவில் செய்தி வரும். நாம் 200 என்று பதில் கொடுத்தால் கிடைத்துவிட்டது என்று பொருள். நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் அந்தப் பதிலுக்கு 10 விநாடிதான் காத்திருக்கும். தவறினால் தானாக மறுபடி அனுப்பாது. இணையக் கட்டணச் சேவையான ஸ்ட்ரைப் அப்படியல்ல, இடைவெளியைக் கூட்டிக் கூட்டி 3 நாள் வரை முயன்று பார்க்கும்.

இந்த மறுமுயற்சியில் ஒரு கண்ணி இருக்கிறது. செய்தி நமக்குக் கிடைத்து, நம் பதில் மட்டும் வழியில் தொலைந்தால், அதே செய்தி இரண்டாம் தடவையும் வரும். 18 கிலோ கொழுந்து கணக்கில் 36 ஆகிவிடும். அதனால் ஒவ்வொரு செய்தியின் அடையாள எண்ணையும் குறித்துவைத்து, ஏற்கெனவே பார்த்த எண் வந்தால் கணக்கில் கை வைக்காமல் 200 மட்டும் கொடுக்க வேண்டும்.

சரி, இதை எழுதும்போது எப்படிச் சோதிப்பது? என் மடிக்கணினி தன்னை 127.0.0.1 என்றுதான் அழைத்துக்கொள்ளும். உலகிலுள்ள எல்லாக் கணினிகளும் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கின்றன. லயத்து வீடு மாதிரி, வெளியிலிருந்து எழுத விலாசம் கிடையாது. சோதனைக் கருவிகள் இணையத்தில் ஒரு தற்காலிக விலாசம் தரும்; அங்கே வருவதை வந்தபடியே பிடித்து வைக்கும். பழைய கருவிகள் அதை உலாவிப் பக்கத்தில் மனிதக் கண்ணுக்குக் காட்டின. இப்போது நிரல் எழுதும் வேலையில் ஒரு பகுதியை ஏஐ முகவர்கள், அதாவது சொன்ன வேலையைத் தாமே படிப்படியாகச் செய்யும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள், செய்கின்றன. அவற்றுக்கு வேண்டியது கட்டளையும் எழுத்தும். "விலாசம் ஒன்று உண்டாக்கு", "செய்தி வரும்வரை 30 விநாடி காத்திரு", "வந்ததை ஒரு எழுத்தும் மாறாமல் கொடு", "முதல் தடவை வேண்டுமென்றே 500, அதாவது பிழை, என்று பதில் சொல்" என்று முகவரே கேட்கும்படி கட்டப்பட்டவைதான் புதிய கருவிகள். 2024 நவம்பரில் ஏஐ நிறுவனமான அந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை, இப்படிப்பட்ட கருவிகளை முகவரோடு பொருத்தும் ஒரு வழி.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் ஒருவருக்கு நிறைக் கணக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு செய்தியோடும் ஒரு கையொப்பம் வரும். இரு தரப்புக்கும் மட்டும் தெரிந்த இரகசியச் சொல்லையும் செய்தியையும் சேர்த்து, எச்மாக் என்னும் கையொப்ப முறையில், ஷா-256 என்னும் கணிப்பு கொண்டு கணக்கிட்ட 64 எழுத்துகள் அவை. நாமும் அதேபோல் கணக்கிட்டுப் பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் செய்தியை ஏற்கமாட்டோம். முகவர் நிரலை எழுதியது, மாதிரிச் செய்தியையும் தானே எழுதியது, அதில் நிறை 18.5 என்று போட்டது, எல்லாச் சோதனையும் சரி என்றது. நானும் நம்பிவிட்டேன்.

உண்மையான செய்தி வந்த அன்று ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அரை நாள் தேடிய பிறகு, தற்காலிக விலாசத்தில் பிடித்த செய்தியை முகவரிடம் கொடுத்தேன். தராசுப் பக்கம் அனுப்பியது 18.50. எங்கள் நிரல் ஜேசனைப் பிரித்து எண்ணாக்கி, திரும்ப எழுத்தாக்கிய பின்னரே கையொப்பத்தைக் கணக்கிட்டது. பிரித்த இடத்தில் கடைசிப் பூச்சியம் காணாமல் போய் 18.5 ஆனது. ஒரு பூச்சியம் குறைந்தாலும் கையொப்பமே வேறாகிவிடும். தானே எழுதிய மாதிரியில் அந்தப் பூச்சியமே இல்லாததால் முகவருக்குப் பிழை தெரிய வழியே இருக்கவில்லை. தன் கடிதத்தைத் தானே எழுதித் தானே வாசித்திருக்கிறது. வந்த எழுத்தை வந்தபடியே வைத்து முதலில் கையொப்பத்தைப் பார்க்க வேண்டும், பிறகுதான் பிரிக்க வேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். தற்காலிக விலாசம் தெரிந்த எவரும் அதற்கு அனுப்பலாம். வரும் செய்திக்குள் முகவரை ஏவும் வாசகங்களும் ஒளிந்திருக்கலாம், அவற்றைக் கட்டளையாக எடுக்க விடக்கூடாது. கொழுந்து கொடுப்பவர்களின் பெயரையும் வங்கிக் கணக்கு இலக்கத்தையும் சோதனைக்கு அனுப்பவே கூடாது.

இப்போது முகவருக்கு நான் கொடுக்கும் சோதனை இதுதான்: அனுப்புபவரின் சோதனைத் தராசிலிருந்து ஒரு செய்தி வர வேண்டும், கருவி 500 சொல்ல வேண்டும், அதே அடையாள எண்ணோடு அது மறுபடி வர வேண்டும். பிடித்த இரண்டு பிரதியையும் எங்கள் நிரலுக்குக் கொடுத்த பிறகு, கணக்கில் 18.50 ஒரே ஒரு வரியில் இருக்க வேண்டும்.