அட்டைப்பெட்டியில் 4000 வாட், அடாப்டரில் 24 வாட்

"அண்ணே, பழைய ஸ்பீக்கர் கொர்ருன்னு இரைஞ்சுதுன்னு தூக்கிப் போட்டுட்டு 4000 வாட் செட் வாங்கினேன். இதுவும் அதே மாதிரிதான் இரையுது." சர்வீஸ் மேசைக்கு இந்தப் புகார் ஓயாமல் வருகிறது, செட்டின் பிராண்டு மட்டும்தான் மாறுகிறது. இரைச்சல் கம்ப்யூட்டரிலிருந்து வந்தால் ஸ்பீக்கரை மாற்றி என்ன பயன்? குழாயில் கலங்கல் தண்ணீர் வருகிறது என்று குடத்தை மாற்றியது போலத்தான்.

முதலில் அந்த 4000 வாட் கணக்கை முடித்துவிடுவோம். எத்தனை முறை சொன்னாலும் மறுபடி அட்டைப்பெட்டியைக் காட்டித்தான் பேசுகிறார்கள்.

பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பிஎம்பிஓ என்று இருக்கும். அதை அளக்க எந்தத் தர நிர்ணயமும் கிடையாது. கண்ணிமைக்கும் நேரத்தில் இவ்வளவு வரலாம் என்று தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் எண் அது. 400 என்று போட்டவர் அடுத்த ஆண்டு 4000 என்று போடுவார். உள்ளே அதே போர்டுதான் இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அடாப்டரின் அடிப்பக்கம். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறதா? பெருக்குங்கள், 24 வாட். அடாப்டரிலிருந்து உள்ளே போவதே 24 வாட் என்றால் வெளியே 4000 எப்படி வரும்? அந்த 24-லும் ஒரு பகுதி ஹீட்சிங்க்கில் சூடாகப் போய்விடும். பல 2.1 செட்டுகளில் (இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டி) இன்றும் இருக்கிற டிடிஏ 2030 வகை ஆம்ப் ஐசி, அதாவது ஒலியைப் பெருக்கும் சிப் என்றால் பாதிக்குச் சற்று மேல்தான் ஸ்பீக்கருக்குப் போய்ச் சேரும். கிளாஸ் டி என்ற, அதிகம் சூடாகாத வகை ஆம்ப் போர்டு கொஞ்சம் மேல், 85 முதல் 90 சதவீதம் வரை தேறும். அடாப்டர் இல்லாமல் உள்ளேயே டிரான்ஸ்ஃபார்மர் வைத்த செட் என்றால் பின்பக்க லேபிளில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பதன் பக்கத்தில் எத்தனை வாட் என்று போட்டிருக்கும். உண்மை அங்கேதான் இருக்கிறது. யுஎஸ்பியில் மட்டும் ஓடும் குட்டி ஸ்பீக்கருக்கு இன்னும் மோசம்: 2.0 போர்ட் தருவது 5 வோல்ட், அரை ஆம்பியர், ஆக 2.5 வாட். அதிலேயே இரண்டு பக்கமும் ஓட வேண்டும்.

ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், என்று போட்டிருந்தால் ஓரளவு நம்பலாம். அதிலும் எத்தனை சதவீதச் சிதைவில் அளந்தது என்று பாருங்கள். சின்ன ஆம்ப் போர்டுகளில் 3 வாட் என்று போட்டுவிட்டு, 10 சதவீதச் சிதைவில் என்று டேட்டாஷீட்டில் ஒளித்து வைத்திருப்பார்கள். அந்த அளவில் பாடகர் குரல் கிழிசல் துணி மாதிரி கேட்கும்.

சரி, நிஜமான வாட்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கூட்டினால் சத்தம் அந்த அளவுக்குக் கூடுமா? கூடாது. வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). 'ம், கொஞ்சம் கூடியிருக்கோ?' என்று கேட்கிற அளவு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவேண்டும் என்றால் ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும். 20 வாட் செட்டைக் கொடுத்துவிட்டு 40 வாட் வாங்குகிறவர் காசைக் கொட்டி வாங்குவது அந்த 3 டெசிபலைத்தான். 85 டெசிபல் சென்சிடிவிட்டி உள்ள ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில், ஒரு மீட்டர் தள்ளி, 85 டெசிபல் தரும். நீங்கள் மேசையில் உட்கார்ந்திருப்பது அதைவிடக் கிட்டத்தில். 10 வாட் கொடுத்தால் 95 டெசிபல். அந்த இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது, பக்கத்து வீட்டுக்காரரும் சும்மா இருக்க மாட்டார். கம்ப்யூட்டர் மேசைக்கு வாட் போதவில்லை என்ற குறை அநேகமாக யாருக்கும் கிடையாது. போதாமல் இருப்பது வேறு.

அது எது என்று கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். ஸ்பீக்கர் பின்னை கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கி போனில் செருகுங்கள். போன் சார்ஜில் இருக்கக் கூடாது, இது முக்கியம். இரைச்சல் போய்விட்டதா? ஸ்பீக்கர் நிரபராதி. போகவில்லையா? எதிலும் செருகாமல், வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டுக் கேளுங்கள். அப்போதும் 'உம்ம்' என்று ஒரே சீராக வந்தால் உள்ளே பவர் சப்ளையின் ஃபில்டர் கெப்பாசிட்டர் செத்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் தலை உப்பியிருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி வகை, பிளஸ் மைனஸ் மாறாமல் போட்டால் முடிந்தது. பார்ட்ஸ் விலை இரண்டு டீ, ஒரு வடை. பிறகு நல்ல ஹெட்போன் ஒன்றைக் கம்ப்யூட்டரில் செருகிக் கேளுங்கள். அதிலும் கரகரப்பு இருந்தால் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம்.

கம்ப்யூட்டர் பக்கக் கோளாறில் அடிக்கடி வருவது மவுஸை நகர்த்தும்போது 'ஸ்ஸ்விக்' என்று கேட்பது. முன்பக்க ஜாக்கில் செருகியிருப்பீர்கள். அங்கிருந்து மதர்போர்டுக்கு ஒரு மெல்லிய வயர் கேபினெட்டுக்குள் கிராஃபிக்ஸ் கார்டையெல்லாம் உரசிக்கொண்டு போகிறது. போகிற வழியில் உள்ள குப்பையெல்லாம் அதில் ஏறும். பின்பக்கப் பச்சை ஜாக்குக்கு மாற்றுங்கள். பவருக்கு யுஎஸ்பியும் பாட்டுக்கு 3.5 மி.மீ. பின்னும் ஒரே கம்ப்யூட்டரில் செருகும் ஸ்பீக்கர் என்றால், யுஎஸ்பியை மட்டும் கழற்றிப் போன் சார்ஜரில் போட்டுப் பாருங்கள். பல நேரம் இதிலேயே அமைதி வந்துவிடும். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினால் இரைச்சல் நிற்கிறது என்றால் அது எர்த் லூப் (கிரவுண்ட் லூப்): இரண்டு கருவிகளின் எர்த் ஒரு வளையமாகி, அதில் ஓடும் கரண்ட்தான் இரைகிறது. லேப்டாப் சார்ஜரையும் ஸ்பீக்கரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் போடுங்கள். தீரவில்லையென்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா, 3.5 மி.மீ. பின்னோடு கிடைக்கும். மலிவானது கீழ் பேஸைக் கொஞ்சம் தின்னும். அதை விரும்பாதவர்கள் யுஎஸ்பி டாக் (டிஏசி), அதாவது யுஎஸ்பியில் செருகும் தனி சவுண்ட் கார்டு, ஒன்று வெளியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் எர்த் லூப்புக்கு அது தீர்வாகும் என்று உறுதி கிடையாது.

தயவுசெய்து, இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள். வெட்டினால் இரைச்சல் நிற்கத்தான் செய்யும். அடுத்து இன்சுலேஷன் போகிற நாளில் கேபினெட்டைத் தொட்ட கையில் கரண்ட் பாயும். யூடியூபில் எவரோ சொன்னார் என்று மூன்று பின்னை இரண்டு பின்னாக்கிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

வால்யூம் திருகும்போது கரமுர என்றால் கண்ட்ரோலின் கார்பன் தடத்தில் தூசி. காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு இருபது முறை முன்னும் பின்னும் திருப்புங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை அடிக்காதீர்கள். தூசி இன்னும் அதிகமாக ஒட்டும். ஒரு பக்கம் ஊமையா? இடம் வலம் வயரை மாற்றிச் செருகுங்கள். ஊமை இடம் மாறினால் கோளாறு ஆம்ப் அல்லது பின்னில். மாறாவிட்டால் அந்த ஸ்பீக்கரில். மல்டிமீட்டர் இருந்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை ஓம் பக்கம் காட்ட வேண்டும்.

மீட்டிங் பேசும்போது மட்டும் பாட்டு சட்டென்று அமுங்குகிறதா? விண்டோஸின் பழைய சவுண்ட் பேனலில் கம்யூனிகேஷன்ஸ் என்ற பக்கத்தில், அழைப்பு வந்தால் மற்ற ஒலியை 80 சதவீதம் குறை என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அதை 'டூ நத்திங்' ஆக்குங்கள். இதற்காகப் புது ஸ்பீக்கர் வாங்கியவர்களும் உண்டு.

அடுத்து வைக்கும் இடம். மேசைத் தட்டின் பொந்துக்குள் திணித்துவிட்டு 'பேஸ் குழறுது' என்றால் குழறத்தான் செய்யும். கீச்சொலி தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் காதுயரத்தில் இருக்கட்டும். முடியாவிட்டால் பழைய மவுஸ் பேடை மடித்து முன்பக்கம் கீழே கொடுத்து மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கு இடையிலும், ஒவ்வொன்றுக்கும் உங்கள் தலைக்கும் இடையிலும் ஏறக்குறைய ஒரே தூரம். பேஸ் பெட்டியான சப்வூஃபரை அறை மூலையில் வைத்தால் பேஸ் வீங்கும். அது பிடித்திருந்தால் உங்கள் இஷ்டம். ஆனால் வசனம் புரியவில்லை என்று வராதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் குறை தீராதபோதுதான் புதிதாக வாங்கும் பேச்சு. ஸ்பீக்கரின் கோனை (முன்னாலிருக்கும் கூம்பை) இரண்டு கட்டைவிரலால் சமமாக மெல்ல அழுத்துங்கள். உள்ளே உரசினால், கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயில் நகர்ந்துவிட்டது. சுற்றியுள்ள ஃபோம் வளையம் தொட்டால் உதிர்கிறது என்றால், நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் அதன் ஆயுள் அவ்வளவுதான். மலிவு செட்டுக்கு அந்த வளையத்தை மாற்றுவது வீண். இன்னொரு காரணம், உங்கள் தேவை மாறியிருக்கலாம். ஆன்லைன் வகுப்பும் மீட்டிங்கும் மட்டும் என்றால் இருப்பதே தாராளம். கச்சேரி கேட்கிறீர்கள், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் வெறும் 'தட்' என்று கேட்கிறது, வழுக்கிப் போகும் அந்தக் கும்கி நாதம் காணவே இல்லை என்றால், அது இரண்டு அங்குல ஸ்பீக்கரின் எல்லை. எந்த வாட்டும் அதைக் கொண்டுவராது.

அப்படி வாங்குவதானால் 3 அல்லது 4 அங்குல வூஃபர், ரப்பர் வளையம், எம்டிஎஃப் மரப்பெட்டி, தனி ட்வீட்டர் உள்ள 2.0 ஆக்டிவ் ஸ்பீக்கராகப் பாருங்கள், அதாவது சப்வூஃபர் இல்லாமல், ஆம்ப் உள்ளேயே இருக்கும் ஜோடி. அதே விலையில் கிடைக்கும் 2.1 செட்டின் பிளாஸ்டிக் சின்ன ஸ்பீக்கர்களைவிடக் குரல் தெளிவாக இருக்கும். '20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்' என்று மொட்டையாகப் போட்டிருந்தால் நகருங்கள். எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்தில் என்று சொல்லாத எண்ணுக்கு அர்த்தமில்லை. ஆறு பெட்டி உள்ள 5.1 ஆசை இருந்தால் மதர்போர்டின் பின்னால் மூன்று ஸ்பீக்கர் ஜாக்குகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். இருந்தாலும் நீங்கள் கேட்பதில் பெரும்பகுதி ஸ்டீரியோதான். ப்ளூடூத் மட்டும் உள்ளது வேண்டாம், வீடியோ எடிட்டிங்கில் உதட்டசைவும் பேச்சும் பொருந்தாது.

சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, உங்கள் ஊர்க் கடையில் வாங்கினாலும் சரி, கடைக்காரர் போடும் பேஸ் பாட்டில் மயங்காமல் உங்களுக்கு அத்துப்படியான ஒரு பாட்டைப் போனில் கொண்டுபோய், மிதமான வால்யூமில் கேளுங்கள். பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை முழுக்க ஏற்றி ஸ்பீக்கரருகே காதைக் கொண்டுபோங்கள். ஒரு முழத் தூரத்தில் இரைச்சல் கேட்டால் வேறு செட் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் விண்டோஸ் வால்யூமை 80-க்கு மேல் வைத்துவிட்டு, ஸ்பீக்கர் திருகில் தேவைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். தலைகீழாகச் செய்தால் இரைச்சலைத்தான் பெருக்குவீர்கள். இரவில் சுவர் சுவிட்சை அணையுங்கள், ஏனென்றால் பல செட்டுகளில் முன்பக்கப் பட்டனை அணைத்தாலும் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கரண்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். ஐப்பசி இடி மின்னலில் சுவிட்சை மட்டும் நம்பாமல் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.