புள்ளி எரிகிறது, சரி. அது காட்டும் இடம் சரியா?

துப்பாக்கி மேல் மாட்டி, கண்ணாடிக்குள் தெரியும் சிவப்புப் புள்ளியை வைத்துக் குறிபார்க்கும் கருவிதான் ரெட் டாட் சைட். பழைய ரெட் டாட் சைட்டைச் சோதிக்கக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்வது, "புது பேட்டரி போட்டேன், எரியுது" என்பதுதான். எரியாத சைட்டால் பெரிய ஆபத்து ஒன்றும் இல்லை. எடுத்தவுடனே தெரிந்துவிடும், கழற்றி வைத்துவிட்டு, துப்பாக்கியிலேயே உள்ள சாதாரண குறிமுனைகளான இரும்பு சைட்டில் சுடலாம். பளிச்சென்று எரிந்துகொண்டே தவறான இடத்தைக் காட்டுகிற சைட்தான் என்னைப் பயமுறுத்துவது. சுடுபவர் தன் கையை, தோட்டாவை, காற்றைச் சந்தேகிப்பார். சிவப்புப் புள்ளியை மட்டும் சந்தேகிக்க மாட்டார்.

பழையது என்றாலே கெட்டது என்று சொல்ல வரவில்லை. சுவீடனில் எய்ம்பாயிண்ட் நிறுவனம் 1975ல் முதல் மின்னணு ரெட் டாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கப்புறம் வந்தவற்றில் நன்றாகச் செய்யப்பட்டவை இன்றும் உருப்படியாக வேலை செய்கின்றன. ஆனால் வயதாக ஆக எது தளரும், எது மங்கும் என்று தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும்.

உள்ளே நடப்பது எளிய விஷயம். ஒரு சிறிய எல்இடி, சிவப்பு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும் பூச்சு கொண்ட வளைந்த லென்ஸ் மீது ஒளியை அடிக்கிறது. அந்த ஒளி இணைகதிராகத் திரும்பிக் கண்ணுக்கு வருவதால் புள்ளி தூரத்தில் மிதப்பது போலத் தெரிகிறது. லேசர் மாதிரி இலக்கின் மேல் எதுவும் போய் விழுவதில்லை. குழாய் வடிவ சைட்டுகள் பலவற்றில் இந்த அமைப்பை இரண்டு திருகுகள் ஒரு பக்கம் தள்ள, எதிர்ப்பக்கம் ஒரு ஸ்பிரிங் தாங்கி நிற்கிறது. எல்இடி, லென்ஸ், ஸ்பிரிங் இவற்றில் ஏதாவது ஒன்று மயிரிழை நகர்ந்தாலும் புள்ளி எரியும், இடம்தான் மாறியிருக்கும்.

எந்தச் சோதனைக்கும் முன் மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். குழல் பாதுகாப்பான திசையிலேயே இருக்கட்டும். சைட்டைத்தானே பார்க்கிறோம் என்ற நினைப்பில்தான் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

முதல் சோதனைக்குத் தோட்டா தேவையில்லை. துப்பாக்கியை மணல் பையில் அசையாமல் வைத்து, புள்ளி 25 மீட்டரில் உள்ள ஏதாவது ஒரு குறியில் நிற்கும்படி செய்யுங்கள். பிறகு துப்பாக்கியைத் தொடாமல் தலையை மட்டும் மேல், கீழ், இடம், வலம் நகர்த்திப் பாருங்கள். கண்ணாடிக்குள் புள்ளி நகர்வது இயல்பு. குறியை விட்டு எவ்வளவு விலகுகிறது என்பதுதான் கணக்கு. இதைத்தான் பாரலாக்ஸ் என்கிறோம். பாரலாக்ஸ் அறவே இல்லை என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் எல்லா சைட்டிலும் கொஞ்சம் இருக்கும், கண்ணாடியின் ஓரத்தில் அதிகமாகவே இருக்கும். நடுவில் பார்க்கும்போதே புள்ளி துள்ளினால், அந்த சைட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

அடுத்தது மவுண்ட். சைட் கெட்டுவிட்டது என்று என் மேசைக்கு வருபவற்றில் கணிசமானவற்றுக்குக் குறை சைட்டில் இல்லை, அதைப் பிடித்திருக்கும் இரும்பில். துப்பாக்கியின் மேல் குறுக்குப் பள்ளங்கள் வெட்டிய பட்டைதான் ரெயில், மவுண்ட் அதில்தான் உட்காரும். பழைய சைட்டுகளோடு வரும் மவுண்டுகள் பெரும்பாலும் வீவர் என்ற பழைய ரெயிலின் அளவில் செய்தவை. இன்றைய துப்பாக்கிகளில் இருப்பதோ, 1995ல் அமெரிக்க ராணுவத் தரமாக வந்த பிக்கட்டினி ரெயில். வீவர் பள்ளம் சுமார் 4.6 மில்லிமீட்டர், பிக்கட்டினி பள்ளம் சுமார் 5.2 மில்லிமீட்டர். அதனால் பழைய மவுண்ட் புதிய ரெயிலில் உட்கார்ந்துவிடும். ஆனால் குறுக்குக் கம்பிக்கு முன்னும் பின்னும் அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆட இடம் இருக்கும். ஒவ்வொரு தடவை சுடும்போதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும், சைட் நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். எனவே ரெயிலோடு ஒப்பிட்டால் அது முன்னோக்கித்தான் நழுவும். திருகை முறுக்கும் முன் மவுண்டை முன்பக்கமாகத் தள்ளி, கம்பி பள்ளத்தின் முன்சுவரில் முட்டி நிற்கும்படி வைத்துவிட்டு இறுக்குங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தவுடனே "ஜீரோ (புள்ளி காட்டும் இடத்திலேயே தோட்டா விழும்படி சரிசெய்து வைத்த நிலை) நிற்க மாட்டேங்குது" என்ற புகார் காணாமல் போனதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். திருகுத் தலையிலும் மவுண்டிலும் சேர்த்து மெல்லிய பெயிண்ட் கோடு ஒன்று போட்டுவிடுங்கள். கோடு உடைந்தால் திருகு நகர்ந்திருக்கிறது.

ஏர் ரைஃபிளில் பழைய சைட்டை மாட்டுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள் பின்னாலும் உதைக்கும், உடனே முன்னாலும் உதைக்கும். தோட்டாத் துப்பாக்கியின் ஒருவழி உதைப்பை மனதில் வைத்துச் செய்த சைட்டுக்குள் இந்த இருவழி அதிர்ச்சி எல்லாவற்றையும் தளர்த்திவிடும். "சின்ன துப்பாக்கிதானே" என்று நினைத்து மாட்டிய நல்ல சைட்டுகள் இப்படித்தான் போயின.

இவை முடிந்தபின் சுட்டுப் பார்க்கலாம். ஒரே குறியில் புள்ளியை வைத்து மூன்று தோட்டா சுடுங்கள். பிறகு சைட்டைச் சரிசெய்யும் திருகை 20 கிளிக் மேலே திருப்பி மூன்று, 20 கிளிக் வலது மூன்று, 20 கிளிக் கீழே மூன்று, 20 கிளிக் இடது மூன்று. கடைசி மூன்று துளைகளும் முதல் மூன்று துளைகளின் மேலேயே விழ வேண்டும். விழவில்லை என்றால் உள்ளே ஸ்பிரிங் சோர்ந்திருக்கலாம், திருகு தேய்ந்திருக்கலாம். பழைய சைட்டில் கிளிக் திருப்பிய உடன் புள்ளி அப்படியே நின்றுவிட்டு, அடுத்த உதைப்பில்தான் நகர்வதும் உண்டு. திருப்பியபின் ஒரு தோட்டாவைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிட்டு அப்புறம் தாளைப் பாருங்கள்.

புள்ளியின் அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். அதை எம்ஓஏ என்ற கோண அளவில் சொல்வார்கள். 1 எம்ஓஏ என்பது 100 மீட்டரில் சுமார் 2.9 சென்டிமீட்டர். பழைய சைட்டுகளில் 4, 7, 10 எம்ஓஏ புள்ளிகள் சகஜம். 10 எம்ஓஏ புள்ளி 100 மீட்டரில் 29 சென்டிமீட்டர் வட்டத்தையே மறைத்துவிடும். அதை வைத்துக்கொண்டு துல்லியம் இல்லை என்று வருத்தப்படுவதில் பொருளில்லை. அது கிட்டத்தில் வேகமாகச் சுடுவதற்கானது.

பேட்டரி விஷயத்தில் இன்றைய பழக்கத்தைப் பழைய சைட்டில் காட்டக் கூடாது. ஒரே பேட்டரியில் 50,000 மணி நேரம் எரியும் சைட்டுகள் இப்போது வந்துவிட்டதால், அணைக்காமலே வைப்பவர்கள் அதிகம். முன்கால சைட்டுகள் அந்தக் கணக்கின் சிறு பங்குகூடத் தாங்காது. சுட்டு முடிந்தால் அணையுங்கள், பல நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். ஆல்கலைன் பேட்டரி உள்ளேயே கிடந்து கசிந்தால் தொடுமுனைகளை அரித்துவிடும். உதைக்கும்போது மட்டும் புள்ளி ஒரு கணம் அணைந்து எரிந்தால், பெரும்பாலும் அந்தத் தொடுமுனையின் பிடி தளர்ந்திருக்கும். எல்இடியைக் குறை சொல்லாதீர்கள். கழற்றிய பட்டன் பேட்டரியை மேசை மேல் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அவசரம் அது.

பேட்டரியே வேண்டாம் என்று, புள்ளியை ஒளிரவைக்க டிரிடியம் என்ற கதிரியக்க வாயு வைத்த பழைய ரிஃப்ளெக்ஸ் சைட்டுகளைத் தேடுபவர்களும் இருக்கிறார்கள். டிரிடியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 25 ஆண்டு பழைய சைட்டில் இருட்டில் கிடைப்பது புதிதில் இருந்த ஒளியில் கால் பங்குதான். பகலில் ஒளியிழை வெளிச்சத்தைச் சேர்த்துக் கொடுப்பதால் குறை தெரியாது. ஆனால் இருட்டான அறைக்குள் நின்றுகொண்டு வெயிலில் உள்ள இலக்கைப் பார்த்தால் புள்ளி கரைந்துபோகும். அதை ஒருபோதும் திறந்து பார்க்காதீர்கள்.

எல்இடிக்குப் பதில் லேசரும் ஹோலோகிராமும் கொண்டு குறியைக் காட்டும் ஹோலோகிராஃபிக் சைட் வேறு சாதி. அதன் பழைய பதிப்புகளில் வெப்பநிலை மாறும்போது குறியும் மாறுகிறது என்ற விவகாரத்தில், இயோடெக் என்ற ஹோலோகிராஃபிக் சைட்டைத் தயாரித்த எல்-3 நிறுவனம் 2015 நவம்பரில் அமெரிக்க அரசுக்கு 2.56 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தக் காலத்துப் பொருள் கையில் இருந்தால், சுடப்போகும் அன்றைய தட்பவெப்பத்தில் ஜீரோவைச் சரிபார்க்காமல் பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று. புள்ளி வட்டமாக இல்லாமல் கமா போலவோ வால் முளைத்தோ தெரிந்தால் உடனே சைட்டைக் கழற்ற வேண்டாம். கைப்பேசிக் கேமராவை சைட்டின் பின்னால் வைத்து ஒரு படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் சிக்கல் கண்ணில் இருக்கிறது. கண்ணின் வளைவு சீராக இல்லாத அஸ்டிக்மாட்டிசம் என்ற பார்வைக் குறை உள்ளவர்களுக்கு இப்படித்தான் சிதறும். வெளிச்ச அளவைக் குறைத்துப் பாருங்கள், கண் மருத்துவரையும் பாருங்கள். படத்திலும் சிதறியிருந்தால் லென்ஸில் கறையோ பூஞ்சையோ பூச்சு உரிந்ததோ இருக்கலாம். பூச்சு உரிந்ததை யாராலும் சரிசெய்ய முடியாது.

ஒருவர் பயன்படுத்திய சைட்டை வாங்குவதாக இருந்தால் விற்பவரிடம் ஜீரோ பார்த்த தாளைக் கேளுங்கள். சைட்டின் இரண்டு திருகுகளும் கடைசி எல்லைக்குப் போய் முட்டி நிற்கின்றனவா என்றும் பாருங்கள். முட்டி நின்றால் மவுண்டோ சைட்டின் உள்பாகமோ ஏற்கெனவே கோணல். விலை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். இரும்பு சைட்டையும் துப்பாக்கியிலேயே வைத்திருங்கள். இரும்பு சைட்டை நேர்படுத்திப் பார்க்கும்போது, முன் முனைமேல் எப்போதும் உட்காரும் புள்ளி ஒருநாள் விலகி நின்றால், அன்று சுடும் முன் இரண்டில் எது நகர்ந்தது என்று கண்டுபிடியுங்கள்.