பாய்காட்: அயர்லாந்துச் சிற்றூரில் பிறந்த சொல்

பலர் சேர்ந்து ஒருவரையோ ஒன்றையோ புறக்கணிப்பதைச் சொல்லும் பாய்காட் என்ற ஆங்கிலச் சொல் முதலில் ஒரு குடும்பப் பெயர். சார்லஸ் கன்னிங்ஹாம் பாய்காட் 1832-இல் இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் பிறந்தவர். பிரிட்டிஷ் படையில் சேர்ந்து அயர்லாந்துக்குப் போனார். மேற்கே மேயோ மாவட்டத்தில், மாஸ்க் ஏரிக்கரையில் வீடும் பண்ணையும் வைத்துக்கொண்டு, எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்டாக இருந்தார். குத்தகை வசூலிப்பது, கொடுக்காதவரைக் காலி செய்ய வைப்பது எல்லாம் அவர் பொறுப்பு. பக்கத்துச் சிற்றூர் நீல், சற்றுத் தள்ளிய சந்தை ஊர் பாலின்ரோப். இந்த வட்டாரத்து மக்கள்தான் 1880-இல் அவர் பெயரை வினைச்சொல்லாக்கினார்கள்.

1879-இல் மழை கொட்டித் தீர்த்ததில் உருளைக்கிழங்கு அழுகிப்போனது. 1840-களின் பெரும் பஞ்சத்தைப் பார்த்தவர்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருந்தார்கள். மறுபடியும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. அந்த ஆண்டிலேயே மேயோவைச் சேர்ந்த மைக்கேல் டேவிட் முன்முயற்சியில், குத்தகைக்காரர்களுக்காகப் போராடும் நிலச் சங்கம் உருவானது. சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல் அதன் தலைவர். 1880 செப்டம்பர் 19 அன்று என்னிஸ் நகரக் கூட்டத்தில் பார்னெல் ஒரு கேள்வி கேட்டார்: வெளியேற்றப்பட்டவனின் நிலத்தைப் போட்டி போட்டு எடுப்பவனை என்ன செய்யலாம்? கொன்றுவிடலாம் என்று கூட்டத்திலிருந்து குரல் வந்தது. அதைவிட நல்ல வழி உண்டு என்றார் பார்னெல். சாலையில், கடையில், சந்தையில், தேவாலயத்தில்கூட அவனோடு எந்த ஒட்டும் உறவும் வேண்டாம், தனியே விட்டுவிடுங்கள் என்றார்.

அவர் மனதில் இருந்தது வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுப்பவன்தான். நீல் மக்கள் அதை ஏஜென்ட் மீதே திருப்பினார்கள். குத்தகையில் 25 சதவீதம் குறைக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்; எர்ன் பிரபு 10 சதவீதத்துக்கு மேல் இறங்கவில்லை. பார்னெல் பேசிய மூன்றாம் நாள், செப்டம்பர் 22 அன்று, நம்மூர் நீதிமன்ற அமீனா போன்ற ஒருவர் போலீஸ் காவலோடு வெளியேற்ற நோட்டீஸ் கொடுக்க வந்தார். சிலருக்குக் கொடுப்பதற்குள் பெண்கள் கூடி, கல்லும் சாணியும் வீசி அவரை விரட்டிவிட்டார்கள். இந்தக் கதையில் நான் மிகவும் மதிக்கும் இடம் இதுதான். தலைவர்கள் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது, ஆனால் நோட்டீஸைத் தடுத்து நிறுத்தியது அந்த வீட்டுப் பெண்கள்.

அப்புறம் பாய்காட் வீட்டு வேலைக்காரர்கள் நின்றுகொண்டார்கள். கொல்லர் வேலை செய்யவில்லை, துணி வெளுப்பவர் வரவில்லை, கடைக்காரர்கள் சாமான் தரவில்லை. எல்லாம் மனமொப்பி நடந்தது என்று சொல்ல முடியாது. மிரட்டலும் இருந்தது, தபால் பை சுமந்த சிறுவன் தாக்கப்பட்டதாக பாய்காட்டே எழுதினார். அக்டோபரில் லண்டன் டைம்ஸில் வந்த அந்தக் கடிதம்தான் நாட்டையே இந்தப் பக்கம் பார்க்க வைத்தது. அறுவடைக்காக வடக்கே கேவன், மோனகன் மாவட்டங்களிலிருந்து 50 பேர் வந்தார்கள். அவர்களைக் காக்க நூற்றுக்கணக்கில் படைவீரர்கள். ஏறத்தாழ 500 பவுண்டு விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுண்டு செலவானதாக அன்றே கணக்குச் சொன்னார்கள். நவம்பர் முடிவில் பாய்காட் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார்.

சரி, பெயர் எப்படி வந்தது? நீல் ஊர்த் தேவாலயப் பங்கின் குருவும் உள்ளூர் நிலச் சங்கத் தலைவருமான ஜான் ஓ'மாலியோடு அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். ஊரே ஒருவரை ஒதுக்குவதைச் சொல்ல 'ஆஸ்ட்ரசைஸ்' என்று கிரேக்க வழி வந்த படிப்பாளிச் சொல் ஒன்று உண்டு, அது குடியானவர்களுக்குப் புரியாதே என்று ரெட்பாத் யோசித்தார். 'பாய்காட் செய்வது' என்றே வைத்துக்கொண்டால் என்ன என்றார் குரு. இது ரெட்பாத்தே சொன்ன கதை. அந்த ஆண்டு முடிவதற்குள் சொல் செய்தித்தாள்களில் புழங்கத் தொடங்கிவிட்டது. பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஜப்பானியம் எல்லாவற்றிலும் நுழைந்துவிட்டது.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? முதலில் பரவியது பகிஷ்காரம், பகிஷ்கரிப்பு. 'வெளியே' என்று பொருள்படும் வடமொழிச் சொல்லின் வழி வந்தவை. அந்நியத் துணி பகிஷ்காரம், சைமன் கமிஷன் பகிஷ்காரம் என்று விடுதலைப் போராட்டக் காலத்தில் ஊரெங்கும் கேட்ட சொல். இலங்கையில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது: வேலைநிறுத்தத்துக்குப் பணிப்பகிஷ்கரிப்பு என்கிறார்கள். 1931-இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் அழைப்பு விடுத்த அரசாங்க சபை (அன்றைய இலங்கைச் சட்டமன்றம்) தேர்தல் பகிஷ்கரிப்பும் வரலாற்றில் அந்தப் பெயரில்தான் நிற்கிறது. அதை மாற்றி எழுத வேண்டியதில்லை.

இன்றைய பொது எழுத்துக்குப் புறக்கணிப்பு என்பதே சரியான சொல். ஒரு சிக்கல் உண்டு. புறக்கணித்தல் என்றால் பொருட்படுத்தாமல் விடுவது என்ற பொருளே பழையது. 'எங்கள் ஊரை அரசு புறக்கணிக்கிறது' என்பதில் அதுதான் இருக்கிறது. பாய்காட் என்பதோ பலர் சேர்ந்து, அறிவித்து, ஒரு கோரிக்கையோடு செய்வது. குழப்பம் வரும் இடத்தில் 'புறக்கணிப்புப் போராட்டம்' என்று எழுதினால் போதும்.

ஊர்விலக்கம், ஒதுக்கிவைத்தல் என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அன்னந்தண்ணி புழங்காமல் தள்ளிவைப்பதை நம் ஊர்களில் பெரும்பாலும் பலமுள்ளவர்கள் எளியவர்கள்மேல் ஏவினார்கள். நீல் ஊரில் குத்தகைக்காரர்கள் அதிகாரம் உள்ளவரை எதிர்த்து நின்றார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். தடை என்றும் எழுதக்கூடாது, அது சட்டமோ அரசோ போடுவது. அவைக்குள் போய் எழுந்து வருவது வெளிநடப்பு. கூட்டத்துக்கே போகாமல் இருப்பதுதான் புறக்கணிப்பு.